அத்தையின் கூரை மடங்கும் கார்

நம் காலை நடைக் கூட்டத்தில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. பேங்கிலிருந்து ஓய்வுபெற்ற நம் நண்பர், பேரன் பேத்தி எடுத்த வயதில், கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டார். மொத்தமே இரண்டு சீட். பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை தானாக எழுந்து, பின்னால் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொள்கிறது. நேற்று பீச் ரோட்டில் சுற்றி நின்றுகொண்டு, "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று அவரை அழுத்தச் சொல்லிப் பார்த்தோம். ஒருவரும் வயதுக்கேற்றபடி நடந்துகொள்ளவில்லை. நானும்தான்.

பிறகு அவர் முகத்தில் கவலை வந்தது. "எல்லாம் சரி, இந்த உப்புக் காத்துல இத எப்படிங்க காப்பாத்துறது?" என்றார். ஆளுக்கொன்று சொன்னீர்கள். நன்றாக ஷாம்பு போட்டு ஊற வையுங்கள் என்றார் ஒருவர். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள் என்றார் இன்னொருவர். நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்பதால் பேசாமல் இருந்தேன். வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகும் மனம் அடங்கவில்லை. எனக்குத் தெரியும் நண்பர்களே! இந்த ஊரில் அப்படி ஒரு காரை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், ஒரு மழைக்காலம் முழுவதும் எனக்கு அதுதான் வேலை. எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஓர் அக்கா. கலியாணமான கையோடு பிரான்சுக்குப் போனவர். மாமா அங்கே பட்டாளத்தில் இருந்தார். நம் ஊர்ப் பேச்சில் சொல்தா. குழந்தைகள் இல்லை. மாமா நெஞ்சு வலியில் இறந்துபோக, அந்த வருஷம் ஐப்பசியில் அத்தை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெருவில் இருந்தது எங்கள் வீடு. அத்தை வந்து சில நாட்கள் கழித்து, மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஒரு லாரி வந்து வாசலில் நின்றது. தார்ப்பாய்க்குள் ஏதோ தாழ்வாக, நீளமாகப் படுத்திருந்தது. பசுமாடு ஒன்றைக் கட்டிப்போட்டுக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

பலகை சாய்த்து, கயிறு கட்டி, கடற்கரையிலிருந்து படகு இழுக்கிற ஆட்களைக் கூப்பிட்டு, "ஏலேலோ" போட்டு இறக்கினார்கள். தார்ப்பாய் விலகியதும் தெருவே "ஆ" என்றது. புளியங்கொட்டையை எண்ணெயில் துடைத்து வைத்தது போன்ற நிறம். மேலே கறுப்புத் துணிக்கூரை. உள்ளே தோல் வாசனை, பெட்ரோல் வாசனை, அதற்கும் அடியில் ஏதோ ஒரு சீமைச் சோப்பின் வாசனை. ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது. "அவசரத்துல மாத்தி மாட்டிட்டானுங்க போல" என்றார் கயிறு பிடித்த ஒருவர். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அதே சந்தேகம்தான்.

அத்தை அந்தக் கூரையை கப்போத் என்பார். எனக்கு அந்தச் சொல்லே ஒரு மிட்டாய் மாதிரி இருந்தது. வகுப்பில் யாரைப் பார்த்தாலும் "எங்க வீட்டு கப்போத்" என்று ஆரம்பித்துவிடுவேன்.

மறுநாள் விடிந்ததும் அத்தை என்னை எழுப்பிக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். அங்கே ஆரம்பித்தது. நண்பரே, இங்கிருந்து கவனமாகப் படியுங்கள்.

வெயில் ஏறுவதற்கு முன் கழுவ வேண்டும். முதலில் நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி, உப்பும் மணலும் தானாக இறங்க விடவேண்டும். காய்ந்த துணியை எடுத்துத் தூசி தட்டுகிறேன் என்று ஒரு இழுப்பு இழுத்தீர்களோ, கடற்கரை மணல் பெயிண்டில் கோடு போட்டுவிடும். அடிப்பகுதிக்கும் தண்ணீர் அடிக்க வேண்டும். "மேல இருக்கிற உப்பு கண்ணுக்குத் தெரியும், தொடச்சிடலாம். அடியில இருக்கிறதுதான் திருட்டுத்தனமா திங்கும்" என்பார் அத்தை. நான் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சக்கரத்துக்கு உள்பக்கம் வாளித் தண்ணீரை வீசுவேன். பாதி என் முகத்திலேயே திரும்பி விழும். அந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வது!

கப்போத்துக்குத் துணி சோப்பு கூடவே கூடாது. மிருதுவான பிரஷ், துணியின் இழை ஓடுகிற திசையில் மட்டும். நான் வேகமாகத் தேய்த்தால், "துஸ்மான், துஸ்மான்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். கழுவிய பிறகு கூரையை மூடிய நிலையிலேயே, நிழலில், மடிப்புகளுக்குள் விரல் விட்டுப் பார்த்தாலும் ஈரமில்லை என்கிற வரை காய விட வேண்டும். ஈரத்தோடு மடித்தால் உள்ளே பூஞ்சைக்காளான் பிடித்துவிடும். அப்புறம் அந்த நாற்றம் சட்டைக்கும் வரும். பின்பக்கம் பிளாஸ்டிக் கண்ணாடி இருந்தால், அதை மடிக்கும்போது நடுவில் பழைய மல் வேட்டி ஒன்றை வைக்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும், ஆயுசுக்கும் கீறல். கதவு ஓரத்து ரப்பருக்கு முகப் பவுடர் தடவுவோம். அம்மாவின் பவுடர் டப்பா அந்த மாதம் இரண்டு முறை காலியானது.

காக்கை எச்சம் விழுந்தால் சுரண்டக்கூடாது. நனைத்த துணியை அதன்மேல் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை பார்க்க வேண்டும். ஊறியதும் தானாக வந்துவிடும். மீன் காயப்போடுகிற ஊரில், காக்கைக்குக் குறைச்சலா?

அப்பா ஒருநாள் நல்லெண்ணத்தோடு தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். தோல் சீட் வெடிக்காமல் இருக்கத் தடவலாம் என்றார். அத்தை பாய்ந்து வந்து பாட்டிலைப் பிடுங்கிவிட்டார். "டேய், இது உன் தலையா? எறும்பு வந்துடும்டா!" தோலுக்கென்று இருக்கிற களிம்பை மட்டும் தடவ வேண்டும், கூரையைத் திறந்து வைத்து வெயிலில் நிறுத்தினால், சீட் மேல் வெள்ளைத் துண்டு போட வேண்டும். அப்படிப் போடாமல் ஒருநாள் கவுனோடு உட்கார்ந்து, என் தொடை சிவந்துபோய் நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவில், சமையலறை ஜன்னலில் அம்மா நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். "பாவம், புருஷனக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டுறாங்க" என்று அப்பாவிடம் சொல்வது என் காதில் விழும். அப்பா பெருமூச்சு விட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்கு, வேலைக்குப் போவார். அத்தை அருகில் இருந்தால் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மாமாவின் பேரை எடுக்கவே மாட்டார்கள். இன்று அந்த அப்பாவைவிட எனக்கு வயது அதிகம். அன்பு காட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுஷியிடம் ஒன்றுமே கேட்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிகிறது.

முதல் பெருமழை அடித்த மறுநாள் காலை, கதவைத் திறந்தால் காருக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூரை கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தை கூரையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கூரை மடங்கி உட்கார்கிற பள்ளத்தின் மூலையில் விரலை விட்டார். அங்கே தண்ணீர் இறங்கிப்போக ஒரு சின்ன ஓட்டை. முருங்கை இலை அதை அடைத்துக்கொண்டிருந்தது. "இத பாக்காம கூரையப் பழி சொல்லிடுவாங்க" என்றார். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கு உருவி, நுனியைத் தரையில் தேய்த்து மழுக்கி, என் கையில் கொடுத்தார். நான் மெதுவாக உள்ளே விட்டு ஆட்ட, களுக்கென்று ஒரு சத்தம். பின்சக்கரத்துப் பக்கம் தண்ணீர் கொட்டியது. "வருது! வருது!" என்று குதித்தேன். நண்பரே, உங்கள் காரிலும் அந்த ஓட்டைகள் இருக்கும். மழைக்கு முன் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் நிறுத்தாதீர்கள், முருங்கை மரத்தடியில் கனவில்கூட வேண்டாம்.

அன்று ஈர விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"இந்தக் கார் மாமா ஞாபகமா அத்தே?"

"யார்ரி சொன்னது?"

"அம்மாவும் அப்பாவும் பேசிக்கிறாங்க. நீங்க மாமாவ நெனச்சுக்கிட்டே கழுவுறீங்களாம்."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார், தோள் குலுங்க.

"உங்க மாமா நல்ல மனுஷன்தான். குத்தம் சொல்லல. ஆனா இந்தக் கார கழுவுறது நானு, ஓட்டுறது அவரு. அத்தன வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சாவிய எங்கையில குடுத்ததில்ல. கேட்டா, நீ கப்போத்த பாத்துக்க போதும்பாரு. நான் பக்கத்து சீட்டுல உக்காந்து, அவரு காலு எப்ப எத மிதிக்குதுன்னே பாத்துக்கிட்டு இருப்பேன்."

"அப்ப உங்களுக்கு அழுகை வரலியா?"

"மனுஷன் போனதுக்கு அங்கியே அழுதேன்டி, நெறைய. இது வேற. எனக்கு இத ஓட்டணும். அதுக்குத்தான் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தேன்."

அன்றிரவு சாப்பிடும்போது அத்தை அப்பாவிடம் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். காரை நிறுத்தியே வைத்திருந்தால் பாட்டரி செத்துவிடும், டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிடும், வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டியாக வேண்டும். அத்தனையும் உண்மைதான், நண்பர் இதையும் மறக்கக்கூடாது. "நியாயந்தான்க்கா, யார வெச்சு ஓட்டுறது?" என்றார் அப்பா. நான் சோற்றை விழுங்காமலே கத்தினேன்: "எங்க ஸ்கூல் பஸ் டிரைவர் அண்ணன்!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் டிரைவர் அண்ணன் வருவார். ஊரைத் தாண்டும் வரை அவர் ஓட்டுவார். லாஸ்பேட்டைப் பக்கம் ஆளில்லாத செம்மண் பொட்டலுக்குப் போனதும், வீட்டுக்குத் தெரியாமல் இடம் மாற்றிக்கொள்வார்கள். எனக்கு சீட்டுகளுக்குப் பின்னால் இருந்த குறுகலான பலகை. அத்தை தலையில் பட்டுக் கைக்குட்டையைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடிப்பார். கார் தவளை மாதிரி இரண்டு தாவு தாவிவிட்டு நின்றுபோகும். மறுபடி தாவும்.

டிரைவர் அண்ணன் பாடுதான் திண்டாட்டம். வலது பக்கம் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் தரையை இரண்டு காலாலும் அழுத்தி அழுத்தி, "மதாம் பிரேக்கு! மதாம், ஆடு! ஆடு வருது மதாம்!" என்று அலறுவார். கியர் போடுகிற பழக்கத்தில் இடது கையை வீசி அத்தையின் கையிலேயே ஓர் அடி போட்டுவிடுவார். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்று அத்தை சொன்னதைக் கேட்காமல், அவருடைய வழுக்கைத் தலை வெயிலில் தோல் உரிந்துபோனது. கூரை திறந்த கார் காற்றில் வெயில் உறைக்காது; இறங்கிய பிறகுதான் தெரியும். தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்ட வைக்கோல் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு ஞாயிறு, கார் தாவவில்லை. வழுக்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். செம்மண் எங்கள் பின்னால் சுவர் மாதிரி எழுந்தது. அத்தை வாய்விட்டுக் கத்தினார், வார்த்தையே இல்லாமல். நானும் கத்தினேன். டிரைவர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த வாரம்தான் அப்பா ஓர் ஆளை வீட்டுக்கு அழைத்து வந்தார். தவளக்குப்பத்தில் கலியாணங்களுக்கு, மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் விடுகிறவர். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் உட்காருகிற பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"மாப்ள இங்க மேல உக்காந்துக்குவாரு. ஓரத்துல ஓட்ட போட்டு சீரியல் லைட்டு சுத்திப்புடலாம். இந்தத் துணிக்கூர எதுக்கு சார்? கயட்டிப் போட்டுடலாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அத்தை கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆள் போன பிறகு அப்பா அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உனக்காகத்தான்க்கா. தெனம் காலையில நீ இதுகிட்ட நின்னு வேதனப்படுறத எங்களால பாக்க முடியல. அவருக்கு வித்துடலாம், கண்ணுல படாம இருந்தா ஆறிடும். ஞாயித்துக்கிழம கொண்டாந்து விடுறேன்னு சொல்லிட்டேன்."

அத்தை பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நான் பின்னாலேயே ஓடினேன். "சொல்லுங்க அத்தே! உங்களுக்கு ஓட்டத் தெரியும்னு சொல்லுங்க!"

"வாயால சொன்னா உங்கப்பன் பாவப்படுவான்டி. நம்ப மாட்டான். பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வானம் ஒரு பக்கம் வெளுத்தும் ஒரு பக்கம் கறுத்தும் இருந்தது. கப்போத்தைக் கீழே இறக்கிவைத்தோம். கார் நிற்கும்போது, இரண்டு பக்கத்துக் கொக்கியையும் கழற்றிவிட்டு, இருவராகச் சேர்ந்து தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் கம்பி வளைந்துவிடும். டிரைவர் அண்ணன் வந்து வாசலோரம் கைகட்டி நின்றார். அப்பா வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தபோது அத்தை ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"அக்கா, தப்பான பக்கம் உக்காந்திருக்க."

"இல்லடா. சரியான பக்கந்தான். நீ ஏறு."

அப்பா டிரைவர் அண்ணனைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். "ஏறுங்க சார், மதாம் நல்லா ஓட்டுவாங்க" என்றார், வானத்தைப் பார்த்தபடியே. அம்மா வாசற்படியில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா ஏறினார், வேறு வழி தெரியாமல் ஏறினார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அதற்கு முன்பே என் பலகையில் இருந்தேன்.

கார் கிளம்பியது. தாவவில்லை.

முதலியார்பேட்டை வரை அப்பா சீட்டில் முதுகைச் சாய்க்கவில்லை. முன்கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் கூடைக்காரிகள் நின்று பார்த்தார்கள். ஒரு பையன் சைக்கிளோடு வேலியில் போய் விழுந்தான். "லைசென்ஸு?" என்றார் அப்பா கடைசியில்.

"வாங்கிட்டேனே."

"எப்போ?"

"நீ மேரிக்குப் போயிருந்தப்ப."

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதும் முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. பிறகு சடசடவென்று வந்துவிட்டது. "நிறுத்துக்கா! கூரையப் போடலாம், நிறுத்து!" என்று அப்பா கத்தினார். அத்தை நிறுத்தவில்லை. கியரை மாற்றி இன்னும் அழுத்தினார்.

"நிறுத்தினாதான் நனைவோம். வேகமாப் போனா முன்கண்ணாடி மழையத் தூக்கி நம்ம தலைக்கு மேல எறிஞ்சுடும்."

"யாரு சொன்னது?"

"நீ உக்காந்திருக்கிற சீட்டுல எத்தன வருஷம் உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியாதா?"

நண்பர்களே, நான் அண்ணாந்து பார்த்தேன். மழை எங்கள் தலைக்கு மேலே, வெள்ளை நூல்களாக, கிட்டத்தட்டப் படுத்த வாக்கில், பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கையை உயர்த்தினால் ஊசி ஊசியாகக் குத்தியது. இறக்கினால் ஒரு சொட்டு இல்லை. எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருந்தது! அப்பாவும் சட்டத்தை விட்டு ஒரு கையை மெல்ல மேலே நீட்டினார். இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். பிறகு என் அப்பா, மேரியில் யாரும் சிரித்துப் பார்த்திராத மனிதர், கெக்கெக்கே என்று சிரித்தார்.

தவளக்குப்பம் சந்தியில் மழைக்கு ஒதுங்கிக் கூட்டம் முழுக்கக் கடைகளுக்குள் போயிருந்தது. சாலை காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு ஆள் மட்டும் குடையோடு ஓரத்தில் நின்றார். கலியாணக் கார்க்காரர். எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினார். அத்தையின் கால் பிரேக்குக்கு நகர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். வண்டி வேகம் குறைந்தது. மழை எங்கள் தோளில் இறங்கியது.

அப்பா குடையைப் பார்த்தார். அத்தையின் கைகளைப் பார்த்தார்.

"போக்கா," என்றார். "நிக்காத."

கார் சீறியது. அப்பா எழுந்து பாதி நின்றபடி அந்த மனிதருக்குக் கையை ஆட்டினார், ஊர்வலத்தில் போகிற மாப்பிள்ளை மாதிரி. அந்தக் கார் பிறகு யார் கைக்கும் போகவில்லை. நான் காலேஜ் முடிக்கிறவரை அத்தைதான் அதை ஓட்டினார். அதில் ஏறாத குழந்தை எங்கள் தெருவில் இல்லை.

அன்று கன்னியகோவில் தாண்டி மழை விட்டது. அத்தை புளியமரங்கள் இல்லாத ஒரு வெட்டவெளியாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்ததும் வயல் தவளைகளின் சத்தம் கேட்டது. ஸ்டீரிங்கிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அத்தை அழ ஆரம்பித்தார்.

அப்பா வாயெடுத்தார். மச்சான் ஞாபகமா என்று கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் உதடு அப்படித்தான் குவிந்தது. ஆனால் அதைக் கேட்கவில்லை. ஈரமான தன் கைக்குட்டையைப் பிழிந்து அத்தையிடம் நீட்டினார்.

"எதுக்குக்கா அழற? எனக்குத் தெரியல. நீயே சொல்லு."

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார். சொல்ல ஆரம்பித்தார். எங்கள் முதுகில் வெயில் ஏறி, சட்டைகள் காய்ந்து, சாலையில் மறுபடி மாட்டுவண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை.